பேக்மேன் தவளைக்கு டேங்க் செட் பண்றது: முதல்ல மண்ண பாருங்க

நீங்க கேட்டது இதுதான்: 4 செ.மீ. அளவுல ஒரு குட்டி ஹார்ன்டு ஃபிராக் (கொம்புத் தவளை) வந்திருக்கு, கைல 2 அடி நீளம் 1 அடி அகலத்துல கண்ணாடி டேங்க் இருக்கு, அடியில கலர் கூழாங்கல் பரப்பி, டேங்குக்கு கீழ ஹீட் மேட் (கரண்ட்ல சூடாகற தட்டையான பாய்) ஒட்டி, ஒரு மூலையில ஆழமான கிண்ணத்துல பைப் தண்ணி வெச்சிருக்கீங்க, ஆனா தவளை ராத்திரி முழுக்க கண்ணாடிய பிராண்டிக்கிட்டே இருக்கு, என்ன மாத்தணும், துணைக்கு இன்னொண்ணு விடலாமா. டேங்க் நல்ல டேங்க், அத அப்படியே வெச்சுக்கங்க. கல்லு, ஹீட் மேட் இருக்கற இடம், தண்ணி, இந்த மூணும் மாறணும். ஏன்னு காரணத்தோட சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், ஆனா காரணம் தெரிஞ்சாதான் நாளைக்கு வேற ஏதாவது பிரச்சனை வந்தா நீங்களே கண்டுபிடிக்க முடியும்.

அதுக்கு முன்னாடி எந்த தவளைன்னு உறுதி பண்ணிக்கங்க, ஏன்னா ஹார்ன்டு ஃபிராக்னு ரெண்டு வேற வேற கூட்டத்த சொல்றாங்க. தென் அமெரிக்காவுல இருக்கற செராட்டோஃப்ரிஸ் ஒண்ணு, உருண்டையா குண்டா, முன்னாடி இருந்து பாத்தா வாய் மட்டும்தான் தெரியும், பேக்மேன் ஃபிராக்னு விக்கறது இதத்தான். இன்னொண்ணு மலேசியா, சுமத்ரா, போர்னியோ பக்கத்து மழைக்காட்டுல காஞ்ச இலை மாதிரியே இருக்கற மலேயன் ஹார்ன்டு ஃபிராக், மூக்கு நுனியும் கண்ணு மேலயும் கூர் கூரா நீட்டிக்கிட்டு இருக்கும், அது குளுமை கேக்கற தவளை, பேக்மேனுக்கு சரியா இருக்கற சூட்டுல அது கஷ்டப்படும். பச்சையும் பிரவுனும் திட்டு திட்டா உருண்டையா இருக்குன்னு நீங்க எழுதியிருக்கறதால உங்களோடது செராட்டோஃப்ரிஸ்தான்னு எடுத்துக்கறேன்.

அதுலயும் கடைக்கு வர்றதுல பெரும்பாலானது கிரான்வெல்லின்னு சொல்ற வகை, அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா, பிரேசில்னு பரந்து கெடக்கற கிரான் சாக்கோ பகுதியோட தவளை. ஆல்பினோன்னு மஞ்சளா ஆரஞ்சா வர்றதும் பெரும்பாலும் இதுதான். ஆர்னேட்டா அர்ஜென்டினா, உருகுவே பக்கத்து புல்வெளி தவளை. மூணாவதா அமேசான் காட்டு கார்னூட்டா, கொம்பு நல்லா நீளமா இருக்கும், அது மத்த ரெண்டையும் விட கதகதப்பும் ஈரமும் கூடுதலா கேக்கும், சாப்பாட்டுலயும் அடம் பிடிக்கும், புதுசா வளர்க்கறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். கிரான்வெல்லியும் கார்னூட்டாவும் கலந்து வர்றத ஃபேன்டஸி ஃபிராக்னு சொல்வாங்க. கீழ சொல்றது எல்லாம் கிரான்வெல்லி, ஆர்னேட்டா, ஃபேன்டஸி மூணுக்கும் பொருந்தும்.

இப்ப முக்கியமான விஷயம். சாக்கோவுல வருஷத்துல பல மாசம் மழையே இருக்காது. அந்த நேரம் முழுக்க இந்த தவளை மண்ணுக்குள்ள இறங்கி, தோல மேல மேல உரிச்சு அத கழட்டாம ஒரு உறை மாதிரி போத்திக்கிட்டு கெடக்கும். மழை வந்ததும் வெளிய வந்து, கண்ணும் வாயும் மட்டும் வெளிய தெரியற மாதிரி மண்ணுல புதைஞ்சு உக்காந்து, எதிர்ல எது நகர்ந்தாலும் பிடிச்சு முழுங்கும். தேடிப் போய் வேட்டையாடற பழக்கம் கெடையாது. அதனாலதான் வீட்டுலயும் ஒரே எடத்துல நாள் கணக்கா அசையாம இருக்கும், அது சோம்பேறித்தனமும் இல்ல நோயும் இல்ல. தண்ணிய வாயால குடிக்காது, வயித்துக்கும் தொடைக்கும் அடியில இருக்கற மெல்லிசான தோல் வழியா ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சிக்கும். யோசிச்சுப் பாருங்க, 24 மணி நேரமும் வயித்த மண்ணுல ஒட்டி உக்காந்திருக்கற ஒரு பிராணி, அந்த வயிறு வழியாத்தான் குடிக்குது, அப்ப மண்ணுல என்ன இருக்கோ அது உடம்புக்குள்ள போயிடும். நல்ல தண்ணி இருந்தா நல்ல தண்ணி, அதோட மூத்திரம் தேங்கி இருந்தா அம்மோனியா, குளோரின் இருந்தா குளோரின், உரம் இருந்தா உரம். டேங்க் எவ்வளவு பெருசு, பேக்கிரவுண்ட் எவ்வளவு அழகுங்கறத விட, அது உக்காந்திருக்கற அந்த ஒரு ஜாண் மண்ணுதான் அதோட உயிர். நான் எந்த டேங்க பாத்தாலும் முதல்ல மண்ணுல விரல விட்டுத்தான் பாப்பேன்.

உங்க தவளை ராத்திரி பிராண்டறதுக்கு காரணமும் இங்கயே இருக்கு. பின்னங்கால் பாதத்துல கெட்டியா மண்வெட்டி மாதிரி ஒரு மேடு இருக்கும், அத வெச்சு பின்னாடியே ஆட்டி ஆட்டி மண்ணுக்குள்ள எறங்கும். கூழாங்கல்லுல எறங்க முடியாது, அதுக்கும் மேல அடியில இருந்து சூடு வேற வருது, எறங்க எடம் தேடி சுவரோரமா சுத்திக்கிட்டே இருக்கு. கல்லுல இன்னொரு ஆபத்து, சாப்பாட்ட பிடிக்கப் பாயறப்ப கல்லையும் சேத்து முழுங்கிடும், வயித்துல அடைச்சுக்கிட்டா ஆபரேஷன் வரைக்கும் போகும், இல்ல செத்தே போயிடும். கல்ல இன்னைக்கே எடுத்துடுங்க, அதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. மணல், பெரிய மரப்பட்டை துண்டு, மீன் டேங்க்ல போடற கல்லு எதுவும் வேணாம்.

அதுக்கு பதிலா கோகோ பீட், அதாவது தேங்காய் நார் தூள். மென்மையா இருக்கும், ஈரத்த பிடிச்சு வெக்கும், வளை தோண்டினா சரியாது, சாப்பாட்டோட கொஞ்சம் உள்ள போனாலும் பெரும்பாலும் வெளிய வந்துடும். செடிக்கு விக்கற கோகோ பீட் வாங்கறீங்கன்னா உரம், பெர்லைட்ங்கற வெள்ளை குருணை, வேப்பம் பிண்ணாக்கு எதுவும் கலக்காததா பாத்து வாங்கணும், அதோட அத நல்லா அலசணும். இத நிறைய பேர் விட்டுடறாங்க. தேங்காய் நார்ல இயல்பாவே உப்பு இருக்கும், சில கட்டில ரொம்பவே இருக்கும், தவளைத் தோலுக்கு உப்பு எதிரி, உள்ள இருக்கற தண்ணிய வெளிய இழுத்துடும். பக்கெட்டுல ஊற வெச்சு, துணியில கொட்டி பிழிஞ்சு, மறுபடி நல்ல தண்ணி ஊத்தி பிழிஞ்சு, வர்ற தண்ணி டீ கலர்ல இருந்து வெளிறிப் போற வரைக்கும் பண்ணுங்க. கடைசி அலசல் குளோரின் இல்லாத தண்ணில இருக்கட்டும்.

பதம் எப்படி இருக்கணும்னா, ஒரு பிடி எடுத்து இறுக்கினா ஒண்ணு ரெண்டு சொட்டு வரணும், கைய விரிச்சா உருண்டை உடையாம நிக்கணும். தண்ணி ஒழுகினா ரொம்ப ஈரம், உதிர்ந்தா ரொம்ப காய்ஞ்சிருக்கு. ஈரம் கூடினா நல்லதுதானேன்னு நினைச்சு சேறாக்கி வெக்கறாங்க, அது தப்பு, சேத்துல காத்து போகாது, அழுகும், வயித்துத் தோல்ல புண்ணு வரும், கிருமி ஏறும். ஆழம், தவளை முழுசா உள்ள மறையற அளவு இருக்கணும், உங்க குட்டிக்கு 5 செ.மீ. போதும், வளந்ததுக்கு 8ல இருந்து 10 செ.மீ. போடுங்க. மேல் மண்ணு காயும், அடி ஈரமா இருக்கும், அது பரவால்ல, இன்னும் சொல்லப்போனா அதுதான் நல்லது, தவளை தனக்கு வேணுங்கற ஈரத்த தானே மேல கீழ போய் தேடிக்கும். ஸ்பிரே மட்டும் அடிச்சா மேல் பாகம்தான் நனையும், அதனால வாரத்துல ஒரு தடவையாவது ஓரமா கொஞ்சம் தண்ணி ஊத்தி கையால கிளறி விடுங்க.

அடியில வடிகாலுக்கு களிமண் உருண்டை போட்டு அதுக்கு மேல வலை விரிச்சு மண்ணு போடறத சிலர் சொல்வாங்க. செடி நிறைய வெக்கற, சின்ன தவளை வளக்கற டேங்குக்கு அது அருமையான வழி, ஆனா பேக்மேன் தோண்டித் தோண்டி வலைய தூக்கிடும், நான் இதுக்கு போட சொல்ல மாட்டேன். ஸ்பிரிங்டெயில், ஐசோபாட்னு சின்ன பூச்சி விட்டு மண்ணு தானே சுத்தமாகற மாதிரி வெக்கறதும் அப்படித்தான், பூஞ்சை வராம இருக்க ஸ்பிரிங்டெயில் நல்லா உதவும், ஆனா இந்த தவளை போடற கழிவு உடம்பு அளவுக்கு ரொம்பவே ஜாஸ்தி, 2 அடி டேங்க்ல பூச்சி பாத்துக்கும்னு விட்டுட முடியாது, நீங்க அள்ளித்தான் ஆகணும்.

இந்த கழிவு விஷயத்த இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா பேக்மேன் சாகறதுல அடிக்கடி கண்ணுக்கு தெரியாம நடக்கறது இதுலதான். மலம் கெட்டியா கண்ணுக்கு தெரியும், கரண்டியால அப்பவே சுத்தி இருக்கற மண்ணோட எடுத்துடலாம். மூத்திரம் தெரியாது, மண்ணுல ஊறி அம்மோனியாவா தேங்கும், தவளை அதே எடத்துல உக்காந்து அதையே திரும்ப உறிஞ்சும். முதல்ல தவளை மண்ண விட்டு மேல வந்து அலையும், இல்ல தண்ணி கிண்ணத்துலயே பழியா கெடக்கும், வயிறு செவக்கும், அப்பறம் காலு விறைச்சு இழுக்கும், அதுக்குள்ள நேரம் கடந்துடும். அந்த மாதிரி பாத்தா உடனே அந்த மண்ணுல இருந்து எடுத்து, குளோரின் இல்லாத அறை வெப்ப தண்ணில, தாடை மூழ்காத ஆழத்துல உக்கார வெச்சு, தண்ணிய சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திக்கிட்டே, ஊர்வன தெரிஞ்ச டாக்டர்கிட்ட கொண்டு போங்க. அந்த நெலமை வராம இருக்க, மாசம் ஒரு தடவை மொத்த மண்ணையும் மாத்துங்க, பெரிய டேங்க், சின்ன தவளை, தினமும் அள்ளறீங்கன்னா ரெண்டு மாசம் வரைக்கும் தள்ளலாம். மண்ண மோந்து பாருங்க, மழை பெஞ்ச மண்ணு வாசனை வந்தா சரி, மூக்குல சுருக்குன்னு ஏறினா தேதி பாக்காம மாத்திடுங்க.

தண்ணிக்கு வருவோம். பைப் தண்ணில கிருமி கொல்ல குளோரின் போடுவாங்க. வெறும் குளோரின்னா வாய் அகலமான பாத்திரத்துல 24 மணி நேரம் திறந்து வெச்சா போயிடும். ஆனா சில எடத்துல குளோரமின் போடறாங்க, அது எத்தன நாள் வெச்சாலும் அவ்வளவு சீக்கிரம் போகாது, அதனால மீன் கடையில கெடைக்கற ஆன்டி குளோரின் சொட்டு மருந்து வாங்கி வெச்சுக்கங்க, குளோரமினுக்கும் வேலை செய்யுமான்னு பாட்டில்ல போட்டிருக்கும், பாத்து வாங்குங்க. கிண்ணம், ஸ்பிரே பாட்டில், மண்ணு நனைக்கறது எல்லாத்துக்கும் அந்த தண்ணிதான். டிஸ்டில்டு வாட்டர் மாதிரி சத்து மொத்தமும் எடுத்த தண்ணிய கிண்ணத்துல ஊத்தி தினமும் ஊற விடாதீங்க, கண்ணாடியில கறை வராம இருக்க ஸ்பிரேக்கு வேணா வெச்சுக்கலாம்.

கிண்ணத்த பத்தி ஒண்ணு நல்லா மனசுல வெச்சுக்கங்க, பேக்மேன் நீச்சல்ல ரொம்ப மோசம். தவளைன்னா தண்ணில மிதக்கும்னு நாம நினைக்கறோம், இது மண்ணு தவளை, ஆழமான தண்ணில மாட்டினா முழுகி செத்துடும். உக்காந்தா தண்ணி அதோட உயரத்துல பாதிக்கு மேல போகக் கூடாது, தாடை கண்டிப்பா வெளிய இருக்கணும். ஓரம் சரிவா, சொரசொரப்பா, தவளை முழுசா உக்கார்ற அகலத்துல ஒரு தட்டு எடுத்து மண்ணுல பதிச்சு, விளிம்பு மண்ணு மட்டத்துக்கே இருக்கற மாதிரி வையுங்க. தண்ணி தினமும் மாத்தணும், நிறைய தவளைங்க தண்ணிலதான் கழிவு போடும், அது நமக்கு நல்லது, மண்ணுல போறது குறையும், ஆனா பாத்த உடனே மாத்தணும். நீங்க வெச்சிருக்கற ஆழ கிண்ணத்த எடுத்துடுங்க.

அடுத்து சூடு. பகல்ல 24ல இருந்து 28 டிகிரி செல்சியஸ், ராத்திரி 20, 22 வரைக்கும் எறங்கினா ஒண்ணும் ஆகாது. உங்க ரூம் இயல்பாவே இந்த அளவுல இருந்தா ஹீட் மேட்டே தேவையில்ல, வாங்கிட்டோமேன்னு போடாதீங்க. தேவைன்னா டேங்குக்கு அடியில வேணாம், பக்கவாட்டுலயோ பின்னாடியோ ஒட்டுங்க, மண்ணு மட்டத்துக்கு மேல வர்ற மாதிரி, ஒரு பக்க சுவர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல போகாம. காரணம் என்னன்னா, சூடு அதிகமானா இந்த தவளைக்கு தெரிஞ்ச ஒரே வழி கீழ தோண்டறது, காட்டுல கீழ போகப் போக குளுமையா இருக்கும், அந்த புத்தி லட்சக்கணக்கான வருஷமா அதுக்குள்ள இருக்கு. அடியில ஹீட் மேட் வெச்சா கீழ போகப் போக சூடு ஏறும், அது இன்னும் தோண்டும், கண்ணாடியில வயிறு பட்டு வெந்து போற வரைக்கும். அது மேல வந்து தப்பிக்கும்னு நம்ப முடியாது. தெர்மோஸ்டாட், அதாவது வெச்ச சூடு வந்ததும் தானா கரண்ட நிறுத்தற கருவி, இல்லாம ஹீட் மேட் ஓட்டவே கூடாது, அத 27ல வெச்சு, அதோட சென்சார மேட் ஒட்டின பக்கத்து மண்ணு மேல வையுங்க, எதிர் பக்கம் ரெண்டு மூணு டிகிரி குறைவா இருக்கட்டும், தவளை எது வேணுமோ அத எடுத்துக்கும். தெர்மாமீட்டர் கண்ணாடி மேல ஒட்டற ஸ்டிக்கர் வகை வேணாம், கண்ணாடியோட சூட்ட மட்டும்தான் காட்டும், கம்பி வெச்ச டிஜிட்டல் வாங்கி நுனிய மண்ணுல சொருகுங்க.

வெயில் காலத்துல பிரச்சனை தலைகீழ். 30 தாண்டி தொடர்ந்து இருந்தா சாப்பாட்ட நிறுத்தும், 32, 33ல நாள் கணக்கா விட்டா உயிருக்கே ஆபத்து. டேங்க வீட்டுலயே குளுமையான ரூம்ல, தரை பக்கம், வெயில் நேரா படாத எடத்துல வையுங்க, ஜன்னலோரம் கண்ணாடி டேங்க் வெச்சா அரை மணி வெயில்லயே உள்ள கொதிக்கும். ரொம்ப மோசமான நாள்ல தண்ணி பாட்டில உறைய வெச்சு துணி சுத்தி டேங்குக்கு வெளிய, சுவர ஒட்டி வையுங்க. ஐஸ் கட்டிய உள்ள போடாதீங்க, கிண்ணத்துல ஐஸ் தண்ணியும் ஊத்தாதீங்க.

காத்துல ஈரப்பதம் 60ல இருந்து 80 சதவீதம் இருந்தா போதும். மண்ணு சரியான பதத்துல இருந்தா இது தானா வந்துடும், நாள் முழுக்க ஸ்பிரே அடிக்க வேண்டிய அவசியம் இல்ல. வலை மூடி போட்ட டேங்க்ல சீக்கிரம் காயும், மூடில பாதிய கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வெச்சு மறைச்சுடுங்க, முழுசா மூடிடாதீங்க, காத்து ஓடலன்னா கண்ணாடி எப்பவும் வேர்த்து வழியும், பூஞ்சை பிடிக்கும். மூடி கண்டிப்பா வேணும், ஏறத் தெரியாதுதான், ஆனா பசியில ஒரு பாய்ச்சல் பாய்ஞ்சா வெளிய விழும், வீட்டுல பூனை நாய் இருந்தா சொல்லவே வேணாம். ஈரம் ரொம்ப குறைஞ்சு போனா, முன்னாடி சொன்ன மாதிரி தோல் உறை போத்திக்கிட்டு மண்ணுக்குள்ள கெட்டியா காஞ்சு போய் கெடக்கும், பாக்க செத்த மாதிரி இருக்கும். பதறாதீங்க, உரிக்கவும் வேணாம், தாடை மூழ்காத தண்ணில உக்கார வையுங்க, தோல் நனைஞ்சதும் அதுவே உரிச்சு வாயால இழுத்து தின்னுடும்.

லைட்டுக்கு பெருசா கவலைப்பட வேணாம். பகல் ராத்திரி தெரியணும், 12 மணி நேரம் சாதா வெளிச்சம் போதும், ரூம் வெளிச்சமே சரி. குறைஞ்ச அளவு யுவிபி லைட் (புற ஊதாக் கதிர் தர்ற பல்ப்) வெச்சா எலும்புக்கு நல்லது, வெச்சா ஒளிஞ்சுக்க நிழல் கண்டிப்பா இருக்கணும், ஆல்பினோவுக்கு கண்ணு கூசும், அதுக்கு வேணாம். யுவிபி இல்லன்னா சாப்பாட்டுல வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பவுடர் தவறாம தூவணும். சூடாகற பல்ப மேல தொங்க விடாதீங்க, மண்ணும் தோலும் காஞ்சுடும்.

உள்ள அலங்காரத்துக்கு, ஒளிஞ்சுக்க ரெண்டு எடம் வேணும், வளைஞ்ச மரப்பட்டை துண்டு ஒண்ணு, மேல கொஞ்சம் பெரிய காஞ்ச இலை, அது போதும். இலை வேக வெச்சு ஆற வெச்சு போடுங்க, வாய்க்குள்ள போகாத அளவு பெருசா இருக்கணும். பிளாஸ்டிக் செடின்னா கூர் முனை இல்லாததா பாருங்க. உயிர் செடி வேணும்னா மணி பிளான்ட் மாதிரி எதையும் தாங்கற செடிய தொட்டியோட பதிச்சு வையுங்க, இல்லன்னா ரெண்டே நாள்ல வேரோட கெடக்கும். கனமான கல்ல மண்ணு மேல வெக்காதீங்க, தவளை அடியில தோண்டினா சரிஞ்சு அது மேலயே விழும், வெக்கறதுன்னா டேங்க் தரையில நிக்கற மாதிரி வெச்சு அப்பறம் சுத்தி மண்ணு போடுங்க.

அளவு பத்தி ஒரு வார்த்தை. பொண்ணு தவளை 10ல இருந்து 14 செ.மீ. வரைக்கும் வரும், ஆண் 8, 10 செ.மீ.யில நிக்கும், நல்லா பாத்துக்கிட்டா 10 வருஷம், அதுக்கு மேலயும் இருக்கும். வளந்த ஒரு தவளைக்கு 40 லிட்டர் டேங்க் குறைஞ்சபட்சம், 60, 70 லிட்டர்னா எனக்கு திருப்தி, ஏன்னா மண்ணு ஜாஸ்தி இருந்தா கழிவு சீக்கிரம் தேங்காது, சூடு குளுமை ரெண்டும் தர முடியும். உயரத்துக்கு செலவு பண்ணாதீங்க, இது தரையில வாழறது, நீள அகலம்தான் முக்கியம். உங்க 2 அடி டேங்க் கடைசி வரைக்கும் போதும். ஆனா இப்ப 4 செ.மீ. குட்டிய அதுல விட்டா எங்க இருக்கு, சாப்பிட்டுச்சா, கழிவு போட்டுச்சான்னு எதுவும் தெரியாது, 6, 7 செ.மீ. ஆகற வரைக்கும் ஒரு அடி நீள பிளாஸ்டிக் டப்பாவுல காத்து ஓட்டை போட்டு இதே மண்ணுல வெச்சு பாத்துக்கங்கன்னு சொல்வேன். சாப்பாடு ஒழுங்கா குடுத்தா வேகமா வளரும், ரொம்ப நாள் காத்திருக்க வேண்டி வராது. புதுசா வந்ததுங்கறதால முதல் சில வாரம் மண்ணே இல்லாம, கலர் வாசனை இல்லாத டிஷ்யூ பேப்பர ஈரமாக்கி விரிச்சு, தினமும் மாத்தி வளத்தா இன்னும் நல்லது, மலம் எப்படி இருக்கு, புழு இருக்கா, தோல் எப்படி உரியுதுன்னு தெளிவா தெரியும். ஒளிஞ்சுக்க மேல ஒரு மடிப்பு பேப்பர போட்டு விடுங்க.

சாப்பாட்டு விவரம் தனியா கேட்டா எழுதறேன், டேங்க் சம்பந்தப்பட்டத மட்டும் இங்க சொல்றேன். இந்த தவளையோட நாக்கு ஒட்டற பலத்த 2014ல அளந்து பாத்தாங்க, அதோட சொந்த உடம்பு எடைக்கும் மேல இழுக்குது. அந்த நாக்கு மண்ணுல பட்டா எவ்வளவு அள்ளிக்கிட்டு போகும்னு நீங்களே நினைச்சுக்கங்க. அதனால மண்புழுவோ கிரிக்கெட் பூச்சியோ கரப்பானோ, நுனி மழுங்கின இடுக்கில பிடிச்சு, மண்ணுக்கு மேல, மூஞ்சிக்கு முன்னாடி ஆட்டிக் காட்டி குடுங்க. இரும்பு கூர் இடுக்கி வேணாம், வாய் கிழியும். கிரிக்கெட்ட டேங்க்ல விட்டு ராத்திரி அப்படியே விடாதீங்க, சாப்பிடாம மிஞ்சின கிரிக்கெட் தூங்கற தவளையோட தோல கடிக்கும். கேட்டப்ப எல்லாம் குடுத்தா குண்டாகி, கண்ணுல கொழுப்பு படிஞ்சு வெள்ளையா மங்கிப் போற நெலமை வரும், வளந்ததுக்கு வாரம் ஒரு தடவை போதும், உங்க குட்டிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

டேங்க கழுவறப்ப சோப்பு, பினாயில் எதுவும் வேணாம், ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து தொடச்சு, பத்து நிமிஷம் விட்டு, வாசனை சுத்தமா போற வரைக்கும் அலசி, காய வெச்சு, கடைசியா ஆன்டி குளோரின் தண்ணில ஒரு அலசல். டேங்க் இருக்கற ரூம்ல கொசு மருந்து, ரூம் ஸ்பிரே, பூச்சி மருந்து அடிக்கவே அடிக்காதீங்க, அந்த பொடித்துளி எல்லாம் எறங்கி உக்கார்றது ஈர மண்ணு மேலதான். தவளைய தூக்கறதுன்னா கைய வெறும் தண்ணில நல்லா கழுவி ஈரக் கையோட, பின்பக்கமா உடம்ப சுத்தி பிடிச்சு தூக்குங்க, வாய் முன்னாடி விரல் போகவே கூடாது. எடுத்த பழைய மண்ணையும் கிண்ணத்து தண்ணியையும் குளம், வாய்க்கால், தோட்டம்னு கொட்டாதீங்க. தவளைங்கள உலகம் முழுக்க அழிச்சுக்கிட்டு வர்ற கைட்ரிட்னு ஒரு பூஞ்சை இருக்கு, 1999ல தான் அதுக்கு பேரே வெச்சாங்க, வளர்ப்பு தவளை வெளிய நல்லா தெரிஞ்சாலும் அத சுமந்துக்கிட்டு இருக்கலாம். மண்ண பையில கட்டி குப்பையில போடுங்க, தண்ணில கொஞ்சம் பிளீச் விட்டு கொஞ்ச நேரம் கழிச்சு கழிவறையில ஊத்துங்க.

கடைசியா துணைக்கு இன்னொண்ணு விடறது. வேணவே வேணாம். தலைப்பிரட்டையா இருக்கறப்பவே ஒண்ண ஒண்ணு திங்கற இனம் இது, வளந்ததும் தன் அளவுல இருக்கற இன்னொரு தவளைய கூட முழுங்கப் பாக்கும், பாதி உள்ள போய் அடைச்சு ரெண்டும் சாகறது உண்டு. 2017ல இதோட கடிய அளந்தப்ப தலை அகலம் 4.5 செ.மீ. இருக்கற தவளையே கிட்டத்தட்ட 30 நியூட்டன் விசையில, அதாவது 3 கிலோ எடை அழுத்தற அளவுக்கு, கடிச்சுது, மாட்டினா அது விடாது. தனிமையில ஏங்கும்னு நாம நினைக்கறது நம்ம மனசு, அது இனப்பெருக்கத்துக்கு மழையில சேர்றத தவிர தனியா வாழற பிராணி. நடுவுல தடுப்பு வெச்சு ஒரே டேங்க்ல ரெண்டு வெக்கறதும் வேணாம், மண்ணுக்கு அடியில தோண்டி தடுப்ப தாண்டிடும். ரெண்டாவது கண்டிப்பா வேணும்னா ரெண்டாவது டேங்க், தனி கிண்ணம், தனி இடுக்கி, முதல் ஒண்ணு ரெண்டு மாசம் வேற ரூம்ல.